ஊருக்குக் கிளம்பும் பறவைகள்: சேலத்துப் பூங்காக்களில் பங்குனி, சித்திரை வலசை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

காலையில் எல்லாரும் கை வீசி நடக்கிற பூங்காவில் ஒருத்தர் மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றால் நாலு பேர் வந்து விசாரிக்கத்தான் செய்வார்கள். மாசியிலிருந்து வைகாசி வரை அப்படி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை இங்கே. பதில்கள் சேலத்துக்கும் சேர்வராயன் மலைக்கும் பொருந்தும்படி எழுதியவை.

இந்த வெயிலில் என்ன சார் பறவை வரும்? சீசன் தையோடு முடிந்துவிட்டதே?

வருவதைப் பார்க்க யார் நிற்கிறார்கள்? போவதைப் பார்க்க நிற்கிறேன்.

வசந்த காலத்தில் பறவைகள் வந்து இறங்குவதெல்லாம் வடக்கே குளிர் நாடுகளில் நடப்பது. அங்கே பனி உருகியதும் அவை போய்ச் சேர்கின்றன. எங்கிருந்து போகின்றன? நம் ஊரிலிருந்துதான். அவர்களுக்கு அது வரவு, நமக்கு வழியனுப்பு. மார்ச் தொடங்கி மே முதல் வாரம் வரை சேலத்தில் நடப்பது இதுதான். ஒவ்வோர் இனமாக, சத்தம் போடாமல், மூட்டையைக் கட்டுகிறது. பழைய தமிழில் இதற்கு வலசை போதல் என்று பெயர்.

அப்படியானால் இவை வெளிநாட்டு விருந்தாளிகள்தானே?

செய்தித்தாள்களுக்குப் பிடித்த சொல் அது. எனக்கு ஒப்பவில்லை. பழுப்புக் கீச்சானை எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் வாக்கில் வந்து ஏப்ரல் வரை அதே வேலி, அதே கம்பி என்று இருக்கிறது. சைபீரியா, மங்கோலியா, வடகிழக்குச் சீனா பக்கம் போவது குஞ்சு பொரிக்க மட்டும். வருஷத்தில் பாதிக்கு மேல் இங்கே குடியிருப்பதை விருந்தாளி என்றால், பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போகிற பெண்ணையும் அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

பங்குனியானால் குயில் கூவுகிறதே, அது எங்கிருந்து வருகிறது?

எங்கிருந்தும் வரவில்லை. குயில் வருஷம் முழுக்க இங்கேதான் இருக்கிறது, குளிர் மாதங்களில் வாயைத் திறப்பதில்லை, அவ்வளவுதான். காக்கை கூடு கட்டும் காலம் நெருங்கினால் ஆண்குயில் கூவத் தொடங்கும், அந்தக் கூட்டில் முட்டை இட வேண்டுமே.

இதே மாதிரி இன்னொரு ஏமாற்று இருக்கிறது. ஏரிக்கரையில் மங்கிய மண்நிறத்தில் உட்கார்ந்திருக்கும் மடையானுக்கு (குருட்டுக்கொக்கு என்றும் சொல்வோம்) சித்திரையில் முதுகு அரக்குச் சிவப்பாகிவிடும். மாட்டோடு திரியும் உண்ணிக்கொக்குக்குத் தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறமாகும். "புதுசா ஏதோ பறவை வந்திருக்கு" என்று படத்தோடு எனக்கு வருகிற செய்திகளில் பெரும்பாதி இந்த இரண்டும்தான். கல்யாணத்துக்குப் பட்டு உடுத்தியிருக்கிறது, ஆள் பழைய ஆள்தான்.

சரி, உண்மையில் கிளம்புகிற பறவைகள் எவை?

பூங்காவிலேயே பார்க்கக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில் பச்சைக் கதிர்க்குருவி. மார்ச்சில் புங்க மரம் பழைய இலையை உதிர்த்துப் பளபளவென்று தளிர் விடும். அந்தத் தளிரில் புழு பூச்சி மொய்க்கும். கீழே நின்று பார்த்தால் இலை அசைகிற மாதிரி இருக்கும், காற்றே இருக்காது. அதுதான் இது. எடை ஏறக்குறைய ஒரு பத்து ரூபாய் நாணயம். "ச்சிலீ" என்று இரண்டாக மடித்த குரல். குளிர் காலம் முழுக்க இந்த ஒற்றைக் குரலோடு ஓட்டிவிட்டு, கிளம்பும் முன் சில நாட்கள் முழுப் பாட்டையும் பாடிப் பார்க்கும். இமயமலைச் சரிவு தொடங்கி ரஷ்யா வரை இதன் இனம் கூடு கட்டுகிறது. நாணயத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வரைபடத்தைப் பாருங்கள்.

பிளித் நாணல் கதிர்க்குருவியைப் பார்ப்பது சிரமம், கேட்பது சுலபம். புதருக்குள்ளிருந்து கூழாங்கல்லைத் தட்டினாற்போல் "ட்டக்... ட்டக்" என்று வரும். பின்லாந்திலிருந்து சைபீரியா வரை பரந்து கூடு கட்டும் இனம், குளிருக்கு இந்தியத் துணைக்கண்டத்தையும் அதை ஒட்டிய பகுதிகளையும் விட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை.

மாங்குயில், பெயருக்கு ஏற்ற மாதிரி மாந்தோப்புப் பறவை. ஆனால் சேலத்தில் மாம்பழ சீசன் சூடுபிடிக்கிற நேரத்தில் வடக்கே போய்விடும். பாவம், மல்கோவாவுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

சோளக்குருவி இளஞ்சிவப்பு உடலும் கறுப்புத் தலையுமான மைனா. பலர் சூறைக்குருவி என்பார்கள். இலவ மரம் பூத்தால் தேனுக்கு வந்து கச்சேரி நடத்தும். மத்திய ஆசியப் புல்வெளிகளுக்குத் திரும்பி, அங்கே வெட்டுக்கிளியைத் தின்று குஞ்சு வளர்க்கும். மின்கம்பியில் வரிசையாகத் தகைவிலான்கள் கூடினால் அதுவும் கிளம்புகிற அறிகுறி. ஏரி ஓரமானால் மஞ்சள் வாலாட்டி. ஜனவரியில் சாம்பல் பூத்தாற்போல் இருந்தது, மார்ச் கடைசியில் எலுமிச்சம்பழம் மாதிரி ஆகிவிடும்.

ஆறுமணிக்குருவியைப் பார்க்க முடியுமா?

எல்லாரும் கேட்கும் கேள்வி, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

தோட்டக்கள்ளன், பொன்னுத்தொட்டான் என்றும் இதற்குப் பெயர் உண்டு. காலையிலும் மாலையிலும் ஆறு மணியை ஒட்டி இரண்டு சுரத்தில் விசிலடிக்கும், அதனால் ஆறுமணிக்குருவி. குளிர் காலத்தில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருந்துவிட்டு, ஏப்ரல், மே மாதங்களில் மத்திய இந்தியாவுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் போகும். தென்மேற்குப் பருவமழையோடு அங்கே கூடு கட்டும். ஆகவே நம் பக்கம் தங்குபவற்றுக்கு இது உள்நாட்டு வலசைதான், பாஸ்போர்ட் தேவையில்லை.

பறவை மரத்தில் இருக்கும் என்று அண்ணாந்து தேடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. கீழே பாருங்கள். நிழலான மூலையில், சருகு கணுக்கால் அளவு கிடக்கும் இடத்தில், யாரோ காகிதத்தைப் புரட்டுகிற மாதிரி சத்தம் வரும். அலகால் ஒரு சருகைக் கவ்வி ஓரமாக எறியும். நிற்கும். தலையைச் சாய்த்துக் கவனிக்கும். இரண்டு தத்து தத்தி இன்னொரு சருகு. வால் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்குக் குட்டை, அதை மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டே இருக்கும். முதுகு பச்சை, தோளில் மின்னும் நீலம், கண்ணில் கறுப்புப் பட்டை, வயிற்றடியில் குங்குமச் சிவப்பு. இத்தனை நிறம் இருந்தும் சருகு நிழலில் அசையாமல் நின்றால் அஞ்சடி தூரத்தில் கூடத் தெரியாது.

குரல் கேட்டதும் அதை நோக்கி நடக்காதீர்கள். உட்கார்ந்துவிடுங்கள். இருபது நிமிடம். கொசு கடிக்கும். என் கணக்கில் நான்கு தடவைக்கு ஒரு தடவை தானாகவே வெளியே வரும்.

செல்போனில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது மட்டும் வேண்டாம். எதிரி வந்துவிட்டதென்று நினைத்துத் தின்பதை விட்டுவிட்டு அலையும். ராத்திரி கிளம்ப வேண்டிய பறவைக்கு அன்றைய தீனிதான் வழிச்செலவு.

எப்போது கிளம்ப வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்? வெயில் தாங்காமலா?

வெயில் காரணமல்ல. வடக்கே பகல் நேரம் நீள்வதைப் பார்த்துப் பறவைகள் பருவத்தைக் கணிக்கின்றன என்று படித்திருப்பீர்கள். அது சரி, ஆனால் சேலத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. இங்கே இருந்துகொண்டு அதை மட்டும் நம்ப முடியாது. உடலுக்குள்ளேயே ஒரு வருஷக் கடிகாரம் ஓடுகிறது. வலசைக் கதிர்க்குருவிகளைக் கூண்டில் வைத்து, மாதக்கணக்கில் ஒரே அளவு வெளிச்சமும் இருட்டும் மாற்றமின்றிக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அப்போதும் காலம் வந்ததும் இறகு மாற்றின, கொழுப்புச் சேர்த்தன, ராத்திரியில் கூண்டுக்குள் படபடத்தன.

கிளம்புவதற்கு முந்தைய வாரங்களில் தீனியைப் பாருங்கள். நிறுத்தாமல் தின்னும். தோலுக்கடியில் சேர்கிற கொழுப்புதான் எரிபொருள்.

நான் எந்தப் பறவையும் கூட்டமாகப் போவதைப் பார்த்ததே இல்லையே?

தூங்கிக்கொண்டிருந்திருப்பீர்கள். சிறு பறவைகளில் பெரும்பாலானவை ராத்திரியில்தான் பறக்கின்றன. காற்று குளிர்ச்சி, அலைக்கழிப்புக் குறைவு, வல்லூறு தொல்லை இல்லை, நட்சத்திரம் வழி காட்டும். பகல் முழுக்கத் தின்னலாம். பறந்துகொண்டே பூச்சி பிடிக்கும் தகைவிலானும் பஞ்சுருட்டானும் பகலில் போகும், அவற்றுக்கு வழியெல்லாம் சாப்பாட்டுக் கடை.

இதனால் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஏப்ரலில் மொட்டைமாடி ஃபோக்கஸ் விளக்குகளைப் பத்து மணிக்கு மேல் அணைத்துவிடுங்கள். வெளிச்சம் ராத்திரிப் பறவைகளைத் திசைதிருப்பிக் கட்டிடங்களுக்கு இழுக்கிறது.

எந்த இடத்துக்குப் போகலாம்?

உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள பூங்காவுக்கு. இதை ஒப்புக்குச் சொல்லவில்லை, காரணம் பின்னால் வருகிறது.

அதைத் தாண்டி வேண்டுமென்றால், கன்னங்குறிச்சி மூக்கனேரி. தூர்வாரிய மண்ணையே ஏரிக்குள் திட்டுகளாகக் குவித்து மரம் நட்டிருக்கிறார்கள். அந்தத் திட்டுகள் இப்போது கொக்கு, நீர்க்காகங்களின் குடியிருப்பு. மார்ச்சில் தண்ணீர் வற்றிச் சேறு தெரியும் ஓரத்தில் உள்ளான் வகைகளைத் தேடலாம். குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா மலையடிவாரத்தில் இருப்பதால் கூண்டுக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பது எனக்கு முக்கியம். டிக்கெட் கொடுக்கும் நேரத்துக்கு முன்பே போய்ச் சாலையோரப் புதர்களைப் பாருங்கள்.

பனமரத்துப்பட்டி ஏரி தண்ணீர் இருக்கிற வருஷத்தில் மட்டும்.

ஏற்காட்டுக்குப் போனால் இன்னும் நிறையப் பார்க்கலாமா?

வேறு மாதிரியானவற்றைப் பார்க்கலாம். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவு, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் பறவைப் பட்டியலே மாறிவிடும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பி பயிரிட்டார். காப்பிக்கு நிழல் வேண்டும், நிழலுக்குப் பெரிய மரங்கள் வேண்டும், அந்த மரங்கள்தான் கதிர்க்குருவிக்கும் ஈப்பிடிப்பானுக்கும் வீடு. கோடை மழை ஒன்று விழுந்து காப்பி பூத்திருக்கும் காலையில் தோட்டத்துச் சாலையில் நடந்தால் மல்லிகை போல மணக்கும். அந்த நேரத்தில் செந்தலைப் பூங்குருவி சருகு கிளறுவதைப் பார்க்கக் கிடைத்தால், அன்றைக்கு வேறெதுவும் வேண்டாம்.

நீலத்தலைப் பூங்குருவி இமயமலைக்காரன், ஏப்ரல் தொடக்கத்துக்குள் தேடிக்கொள்ளுங்கள். மலைச் சரிவின் பாறையும் புதருமான பகுதிகளில் மஞ்சள்தொண்டைச் சின்னான் இருக்கிறது. தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளில் மட்டும் வாழும் அரிய பறவை, சேர்வராயன் மலை அதற்கு முக்கியமான இடம். அது எங்கேயும் போகாது, ஆகையால் அவசரமில்லை.

மே மாதக் கோடை விழாவின்போது போகாதீர்கள். மலர்க் கண்காட்சிக்குப் போங்கள், தாராளமாக. பறவைக்கு வேண்டாம். ஹாரன் சத்தத்தில் கொக்கரக்கோ கூடக் கேட்காது.

எத்தனை மணிக்கு? என்ன எடுத்துவர வேண்டும்?

ஆறுக்கு உள்ளே இருக்க வேண்டும், எட்டரைக்கு வெளியே. அதற்கு மேல் வெயிலில் பறவையும் அடங்கிவிடும், நீங்களும். தண்ணீர், தொப்பி, மங்கிய நிறச் சட்டை. பைனாகுலர் 8×42 போதும். எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன் கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். கடைக்காரர் இருபது மடங்கு காட்டினால் வாங்காதீர்கள், கை நடுக்கமும் இருபது மடங்கு பெரிதாகும். பைனாகுலர் இல்லாமலும் வரலாம். காது போதும் என்கிற காலைகள் பல.

செயலியே குரலை வைத்துப் பெயர் சொல்லிவிடுகிறதே?

மெர்லின் நல்ல செயலி, இலவசம், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அது சொல்வது யூகம். எங்கள் பூங்காவில் ஐஸ் வண்டியின் சக்கரம் கிறீச்சிட்டதற்கு ஒரு தடவை அது ஒரு பறவைப் பெயரைக் கொடுத்தது. செயலி சொன்னால், அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்து உறுதி செய்யுங்கள். பார்க்காததைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

நோட்டில் என்ன எழுத வேண்டும்?

கடைசித் தேதியை. இதற்காகத்தான் பக்கத்துப் பூங்கா என்று சொன்னேன்.

ஒரு பறவை வந்த தேதியைக் குறிப்பது சுலபம். நேற்று இல்லை, இன்று இருக்கிறது, குஷியாக எழுதிவிடலாம். போன தேதி அப்படியல்ல. கீச்சானைக் கடைசியாகப் பார்க்கிற நாளன்று அது கடைசி நாள் என்று யாருக்கும் தெரியாது. நாலு நாள் கழித்துத்தான் "அட, அந்தக் கம்பி சும்மா இருக்கே" என்று தோன்றும். அதற்குள் எந்த நாள் வரை இருந்தது என்பது மறந்திருக்கும். ஆகவே ஒரே வழி, தினமும் எழுதுவது. ஏப்ரல் மாதத்து என் நோட்டில் "கீச்சான் உண்டு" என்று ஒரே வரி பக்கம் பக்கமாக இருக்கும். வீட்டில் சிரிப்பார்கள். பிறகு ஒரு நாள் "கீச்சான்" என்று மட்டும் எழுதி, பக்கத்தில் எதுவும் இருக்காது.

பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு நிறையப் பேர் வருகிறார்கள், பிப்ரவரிக் கணக்கெடுப்புக்கும் அப்படியே. அப்புறம் பரீட்சை, வெயில், கோடை விடுமுறை. உலக வலசைப் பறவைகள் தினம் மே மாத இரண்டாவது சனிக்கிழமை வருகிறது, அன்றைக்குச் சேலத்தில் வலசைப் பறவை பெரும்பாலும் மிச்சமே இருக்காது. ஆக மார்ச், ஏப்ரல் நோட்டுதான் எல்லாரிடமும் காலி.

எழுதியதை இ-பேர்ட் (eBird) என்கிற, பறவை பார்ப்பவர்கள் பட்டியல் பதியும் இணையதளத்தில் ஏற்றுங்கள். பதினைந்து நிமிடம் நின்று, கண்ட, கேட்ட எல்லாவற்றையும் எழுதுங்கள், காக்கை, மைனா உட்பட. முழுப் பட்டியல் என்று குறித்தால், அதில் இல்லாத பறவை அன்று கண்ணில் படவில்லை என்பதும் ஒரு தகவலாகப் பதிவாகும். "இல்லை" என்பதைப் பதிவு செய்ய வேறு வழி கிடையாது.

எங்கள் பூங்காவில் முன்பு வந்த பறவைகள் இப்போது வருவதில்லை. ஏன்?

பல காரணம் இருக்கலாம். என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். நகரத்தில் ஒரு பூங்கா, பெயர் வேண்டாம். கிழக்கு மூலையில் மூங்கிலும் தூங்குமூஞ்சி மரமும் சேர்ந்து சருகு மெத்தை போலக் கிடக்கும். மூன்று ஏப்ரல் தொடர்ந்து அங்கே ஆறுமணிக்குருவி பார்த்தேன். அடுத்த வருஷம் போனால் தரை சிமென்ட் போலச் சுத்தம், மூலையில் சாம்பல் குவியல். சருகைக் கூட்டி எரித்திருக்கிறார்கள். கேட்டதற்கு, "குப்பையாக் கிடக்குன்னு கம்ப்ளெய்ன்ட் வந்துச்சுங்க" என்றார் கூட்டுகிறவர். அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. புகார் கொடுத்தது நம்மைப் போல நடக்கிறவர்கள்தான்.

நடைபாதையைக் கூட்டட்டும். மரத்தடியில் ஒரு மூலையை மட்டும் விட்டுவைக்கச் சொல்லிக் கேளுங்கள். மண்புழு, வண்டு, பூரான் எல்லாம் அந்தச் சருகுக்கு அடியில்தான்.

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவரலாமா?

கட்டாயம். பெயர் சொல்லிக் கொடுக்க அவசரப்படாதீர்கள். பிள்ளைகள் வைக்கும் பெயரே சில சமயம் பொருத்தமாக இருக்கிறது.

ராத்திரி ஒரு பறவை ஜன்னலில் மோதி விழுந்துவிட்டது. பச்சை, நீலம், சிவப்பு என்று இருக்கிறது. என்ன செய்வது?

ஏப்ரல், மே என்றால் பெரும்பாலும் ஆறுமணிக்குருவி. முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள், பூனையை வெளியே அனுப்புங்கள். பருத்தித் துணியைப் போர்த்தி மெதுவாக எடுத்து, துளை போட்ட அட்டைப்பெட்டியில், அடியில் பழைய துண்டு விரித்து வையுங்கள். மூடிவிடுங்கள். இருட்டும் அமைதியும்தான் மருந்து. வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். சோறு, பால் எதுவும் வேண்டாம். படம் எடுக்க அடிக்கடி திறக்காதீர்கள்.

விடிந்ததும் செடி கொடி உள்ள இடத்தில் பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்து, தள்ளி நில்லுங்கள். இறக்கை தொங்கினாலோ நிற்க முடியாமல் சாய்ந்தாலோ வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ தகவல் சொல்லுங்கள். அழகாக இருக்கிறதென்று கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

எங்கள் வீட்டில் ஒரு தடவை செருப்புப் பெட்டியில் ராத்தங்கல் நடந்தது. காலையில் மூடியைத் திறந்ததும் பறக்கும் என்று எல்லாரும் வானத்தைப் பார்த்து நின்றோம். அது பெட்டியிலிருந்து எட்டிக் குதித்து, மூன்று தத்தில் குரோட்டன்ஸ் செடிக்கு அடியில் போய், ஒரு சருகைப் புரட்டிப் பார்த்தது.